நாற்பத்து நான்கு ஆட்டங்கள்

கொவென்றி
3 செப்டெம்பர் 2023

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் ஜென்சி எழுதுவது. உயிரோடு இருக்கிறேன், வயிறு நிறையச் சாப்பிடுகிறேன், உடைந்த காறை எலும்பும் பொருந்திவிட்டது. பிறஷர் குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று தொலைபேசியில்தான் கேட்டிருப்பேன். பதினேழு தடவை எடுத்தேன். பதினேழு தடவையும் அருமைராசா மாமாதான் எடுத்தார். கடைசியில் மனிதருக்குப் பொய் சொல்லிக் களைத்துவிட்டது.

"பிள்ளை, கொம்மா ஊரிலை மடு மாதா திருவிழாவுக்குப் போன இடத்திலை நேர்த்தி வைச்சுப்போட்டு வந்திருக்கிறா. நீ அந்த றக்பியை விடுமட்டும் உன்னோடை வாய் திறந்து ஒரு சொல் கதைக்க மாட்டாவாம்."

அம்மா, உங்களுக்கென்ன விசரா? ஊரிலே சனம் பிள்ளை வேண்டுமென்று நேர்த்தி வைக்கும், விசா வேண்டுமென்று வைக்கும். பெற்ற பிள்ளையோடு கோபம் போட நேர்த்தி வைத்தது உலகத்திலே நீங்கள் ஒருவர்தான்.

விடமாட்டேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற வேண்டாம். அப்பா போனபிறகு நீங்கள் மாமாவிடம் மொன்றியலுக்குப் போனீர்கள், நான் படிக்கவென்று றெபேக்கா மாமி வீட்டில் நின்றேன். படித்தும் முடித்தேன். ஆனால் எனக்குப் பிடித்தது இதுதான். நான் பிறந்த நாட்டிலே, இந்த நாட்டுப் பெட்டைகளோடு தோளுக்குத் தோள் கொடுத்துத் தள்ளி, முன்வரிசையில் ஒன்றாம் இலக்கச் சட்டையை வாங்கியிருக்கிறேன். ஒருவரும் இரங்கித் தரவில்லை.

யோசித்துப் பார்த்தேன். நேர்த்தி வாய்க்குத்தானே, கைக்கு இல்லையே? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அடிமட்டத்தால் அடித்து அடித்து எனக்குப் பழக்கிய எழுத்து வீண் போகவேண்டாம். எழுதுங்கள்.

விடாத மகள்,
ஜென்சி

&nbsp;

கார்ட்டியர்வில்
மொன்றியல்
8 ஒக்ரோபர் 2023

மரியே வாழ்க.

ஜென்சி,

கடிதம் கிடைத்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை. குளிசை போடுகிறேன். உனக்குச் சுகமா என்று கேட்க எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

எழுதலாமா என்று எங்கள் பங்குச் சுவாமியிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "அல்போன்சம்மா, மாதாவோடை ஒப்பந்தம் எழுதேக்குள்ளை ஒரு லோயரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் எழுதுவதற்குத் தடையில்லை என்றார். அதனால் எழுதுவேன். கதைக்க மாட்டேன்.

கோபம் போட்டதாக எழுதியிருக்கிறாய். நேர்த்தி என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா? பிடித்ததைத்தான் கொடுக்க வேண்டும். மொட்டை போட்டால் மயிர் முளைத்துவிடும். மெழுகுதிரி கடையில் கிடைக்கும். நான் கார்டெறிக் காப்பகத்தில் நாற்பது பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு, பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற அரை மணித்தியாலம் உன்னோடு கதைத்துக்கொண்டு வருவேன். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் மாதாவுக்குக் கொடுத்தேன். உன் எலும்பு உடைந்த படத்தைப் பார்த்தபிறகு வேறென்ன செய்வேன்? இந்த முறை காறை எலும்பு, அடுத்த முறை கழுத்து.

காதையும் பார்த்தேன். வதக்கின கத்தரிக்காய் மாதிரி இருக்கிறது. நாளைக்குத் தோடு எங்கே போடுவாய்? மூக்கிலா?

அந்தச் சனியனை விடு. அன்றைக்கே தொலைபேசி எடுப்பேன்.

இப்படிக்கு உன்னைப் பெற்ற பாவத்துக்கு,
அம்மா

&nbsp;

கொவென்றி
14 ஜனவரி 2024

அன்புள்ள அம்மா,

புதுவருட வாழ்த்துகள். நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன், எண்பத்தேழு கிலோ. மாமியின் இடியப்பமும் கிளப்பில் தருகிற இறைச்சியும் சேர்ந்த உடம்பு. உங்களுக்கு மூட்டுவலி குறைந்ததா?

நத்தாரன்று மாமாவுக்கு எடுத்தபோது பின்னால் சட்டி பானை உருண்டது. நீங்கள்தான் என்று தெரியும். "அம்மா சுகமா இருக்கிறாவா?" என்று கேட்டேன், ஒரு மூடி விழுந்தது. "அம்மாவுக்கு என்னிலை பட்சமோ?" என்று கேட்டேன், இரண்டு மூடி விழுந்தது. கதைக்காமலே எவ்வளவு கதைக்கிறீர்கள்!

நேற்று முப்பத்து மூன்றாவது ஆட்டம். ஸ்க்றம் என்றால் என்னவென்று உங்களுக்கு ஒருக்காலும் சொன்னதில்லை. எட்டுப் பேர் எட்டுப் பேரைத் தள்ளுவது. முன்வரிசையில் நாங்கள் மூன்று பேர். குனிந்து, தலையை எதிராளியின் தலைக்குப் பக்கத்தில் செருகி, முதுகு நேராக நின்று தள்ள வேண்டும். பின்னாலிருக்கிற அத்தனை பேருடைய பலமும் எங்கள் கழுத்துக்குள்ளால்தான் போகும். ஊரிலே பேசாலையில் அப்பாவின் ஆட்கள் கரைவலை இழுக்கிற படம் வீட்டில் இருந்ததே, அதைத் திருப்பிப் போட்டது மாதிரி.

எதிரணியில் என்னோடு முட்டியவள் குனிந்த நிலையில் சொன்னாள், நான் மூலைக்கடையில் பால் விற்க வேண்டியவளாம். அடுத்த தள்ளில் அவளைப் பின்னுக்கு ஐந்து மீற்றர் கொண்டுபோய் இருத்தினேன். பிறகு கை கொடுத்துத் தூக்கிவிட்டு, பால் தீர்ந்துபோச்சு என்று இங்கிலிஷில் சொன்னேன். நடுவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இதை விடச் சொல்கிறீர்களா?

உங்கள் ஒன்றாம் இலக்கம்,
ஜென்சி

&nbsp;

கார்ட்டியர்வில்
26 மே 2024

மரியே வாழ்க.

மகள் ஜென்சிக்கு,

நாலு மாதம் எழுதவில்லை என்று மாமாவிடம் முறையிட்டாயாம். பனி, வேலை, பிறகு தவக்காலம். மூட்டுவலியைப் பனியோடு சேர்த்து அனுப்பிவிட்டேன். நீ நேரத்துக்கு நித்திரை கொள்கிறாயா?

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நேற்று மாமாவின் காரில் ரொக்ஸ்பரோவில் சோபா பார்க்கப் போனோம். வழியில் ஒரு பூங்கா, அதற்குள் பெட்டைகள் அந்த விளையாட்டு. நான்தான் காரை நிற்பாட்டச் சொன்னேன். மாமா வாயைப் பிளந்தார்.

மழைத் தூறலுக்குள் ஒரு மணித்தியாலம் நின்றேன். ஒன்றாம் இலக்கம் எங்கே என்று தேடினேன். தடித்த, செம்பட்டை மயிர்ப் பிள்ளை. ஒவ்வொரு தடவையும் அது குனிகிறபோது எனக்குக் கழுத்து நொந்தது. அதன் தாய் பக்கத்தில் நின்று தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். "பயமில்லையா?" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன். பயம்தான், ஆனால் அவளைப் பாருங்கள் என்றாள்.

அதற்குள் எங்கள் பக்கம் பின்னுக்குப் போகத் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கம் எது என்று யார் தீர்மானித்தது, எனக்குத் தெரியாது. கார்டெறியில் பிள்ளைகள் ஊஞ்சலில் இருந்துகொண்டு தள்ளச் சொல்லிக் கத்துகிற சொல் ஒன்றுதான் வாயில் வந்தது. "பூஸ்! பூஸ்!" என்று கத்தினேன். மாமா என் கையைப் பிடித்தார். "அல்போன்சு, சனம் பாக்குது." பார்க்கட்டும்!

அதற்காக நேர்த்தி முடிந்தது என்று நினைக்காதே. அது வேறு, இது வேறு. சோபாவும் வாங்கவில்லை.

அம்மா

&nbsp;

கொவென்றி
30 யூன் 2024

என் அன்பு அம்மா,

நான் நலம், நலம், நலம்! நீங்களும் மாமாவும் சுகமா? உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

இங்கிலாந்து அணியின் பயிற்சி முகாமுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓகஸ்டில் மூன்று கிழமை. முகாமில் நின்றுபிடித்தால் நாட்டுக்கு விளையாடலாம். கடிதத்தை மாமி உரத்து வாசித்துவிட்டு, பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணை இருந்திருக்க வேணும்" என்று அழுதா. நான் அழவில்லை. சமையலறைக்குள் நாலு சுற்று ஓடினேன்.

இந்தப் பருவம் நாற்பத்தோராவது ஆட்டத்தோடு முடிந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு நோவு, ஐஸ் வைத்தால் அடங்கிவிடும்.

அம்மா, பூஸ் என்று கத்தினதை மாமா எனக்குத் தொலைபேசியில் நடித்தே காட்டினார். அந்தச் செம்பட்டைப் பிள்ளை மேல் எனக்குப் பொறாமை. யாரோ பெற்றதற்குக் கத்துகிறீர்கள். எனக்கு ஒரு சொல் வேண்டாம். "ம்" என்றால் போதும். முகாமுக்குப் போகிற அன்று காலையில் எடுப்பேன், தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு "ம்" சொல்லுங்கள்.

ஜென்சி

&nbsp;

கார்ட்டியர்வில்
21 யூலை 2024

மரியே வாழ்க.

மகளுக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது. எனக்குச் சுகம். உன் கால் நோவு எப்படி? ஐஸ் ஐஸ் என்று நில்லாமல் டொக்டரிடம் காட்டு.

மாமா கோவில் வாசலில் நின்று ஆள் ஆளாய்ப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "என்ரை மருமோள் இங்கிலாந்துக்கு விளையாடப் போறாள்." மனிதருக்குப் பந்து வட்டமா நீளமா என்றே இன்னும் தெரியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் "ம்" சொல்ல மாட்டேன். ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்கிறேன். நேர்த்தியை முறித்தால் தண்டனை என்னோடு நிற்கும் என்றால் இன்றைக்கே முறிப்பேன். அது உனக்கு வந்துவிடும் என்று பயம். நான் மாதாவிடம் கேட்டது உன் உடம்பைத்தானே. கேட்டுவிட்டுக் கொடுத்ததைத் திருப்பி எடுத்தால் அவ என்ன நினைப்பா?

அதனால் நீ எடுக்கிற அன்று நான் தொலைபேசிக்குப் பக்கத்திலே இருப்பேன். மூடிகளையும் பக்கத்தில் வைத்திருப்பேன்.

அம்மா

&nbsp;

கொவென்றி
20 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அம்மா,

மூன்று மாதம் பிந்திவிட்டது. முகாமுக்குப் போகிற அன்று எடுத்தேன், மூன்று மூடி விழுந்தது, கேட்டேன். அதன்பிறகு எடுக்கவேயில்லை என்று மாமாவுக்குக் கோபமாம். நேரமில்லை. உங்கள் மூன்று கடிதங்களும் கிடைத்தன. நான் சுகம், நீங்கள் சுகமா?

முகாமில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

போன சனி நாற்பத்திரண்டாவது ஆட்டம். மழை. மைதானம் சோற்றுக் கஞ்சி மாதிரி. பதினேழுக்குப் பன்னிரண்டு, வென்றோம். ஒன்றாம் இலக்கம் அவ்வளவாக ஓடுவதில்லை, தள்ளுவதுதான் வேலை. ஆனாலும் அன்றைக்கு ஓடினேன் அம்மா. பந்து தற்செயலாகக் கையில் விழுந்தது, முன்னாலே ஒருவரும் இல்லை. வலது கால், இடது கால், வலது கால், இடது கால். சேற்றுக்குள்ளே சப்பாத்து புதைந்து புதைந்து எழும்பியது. குதிக்காலில் தண்ணீர் அடித்தது. முப்பது மீற்றர் ஓடியிருப்பேன். அப்படி ஒரு ஓட்டம் நான் முன்பு ஓடியதேயில்லை.

விட்டேனா என்று கேட்காதீர்கள். விடவில்லை.

ஜென்சி

&nbsp;

கொவென்றி
15 டிசெம்பர் 2024

அன்புள்ள அம்மா,

நத்தார் வாழ்த்துகள். பலகாரப் பார்சல் வந்தது. மாமியும் நானும் ஒரே இருப்பில் பயற்றம் பணியாரத்தை முடித்தோம், மாமிதான் கூட.

உங்கள் கடிதத்தில் கால் நோவைப் பற்றி ஐந்து இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கால் இப்போது நோவதில்லை. சத்தியமாக.

இந்த மாதம் இரண்டு ஆட்டம். நாற்பத்து மூன்றில் தோற்றோம். நாற்பத்து நான்கில் நான் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்துப் புள்ளி எடுத்தேன், முன்வரிசைக்காரிக்கு அது அபூர்வம். எல்லோரும் என் மேல் விழுந்தார்கள். மூச்சு முட்டிப்போனது. இப்போதும் கொஞ்சம் முட்டுகிறது, அதுதான் கடிதம் குட்டி. எழுத்துக் கோணலாக இருந்தால் குளிர் என்று நினையுங்கள்.

தொலைபேசிக்கு வரமாட்டேன் என்று கோபிக்க வேண்டாம். நீங்களும்தானே வரமாட்டீர்கள்.

ஜென்சி

&nbsp;

கார்ட்டியர்வில்
12 ஜனவரி 2025

அன்பான றெபேக்கா மச்சாளுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, குறை நினைக்க வேண்டாம். நாலு நாளாக எடுக்கிறேன், நீங்கள் தொலைபேசியை எடுக்கிறீர்களில்லை. மாமியும் மருமகளும் சேர்ந்து என்ன விளையாட்டு விளையாடுகிறீர்கள்?

அருமைராசா அண்ணை புள்ளி எடுத்த படத்தைத் தேடிக் கிளப்பின் இணையப் பக்கத்துக்குள் போயிருக்கிறார். செப்டெம்பரிலிருந்து ஒரு ஆட்டத்திலும் அவளுடைய பெயர் இல்லை. ஒன்றாம் இலக்கத்தில் வேறொரு பிள்ளை நிற்கிறது. மாதம் மாதமாகத் தட்டிப் பார்த்தோம். "அல்போன்சு, அவள் விட்டிட்டாள்போலை. உன்ரை நேர்த்தி பலிச்சிட்டுது" என்று அண்ணை சொன்னார்.

விட்டிருந்தால் நான் கதைக்கலாமே, மச்சாள். அதற்காகத்தானே ஒன்றரை வருடமாக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். விட்டவள் ஏன் விளையாடினேன் என்று எழுதுகிறாள்? அவள் எனக்கு முன்பு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அடி வாங்கினாலும் உண்மையைச் சொல்லிவிட்டு வாங்குவாள்.

பிள்ளைக்கு என்ன? உங்கள் அண்ணரை நினைத்து எனக்கு உண்மையை எழுதுங்கள்.

அல்போன்சம்மா

&nbsp;

கொவென்றி
19 ஜனவரி 2025

அன்பான மச்சாள்,

தொலைபேசியில் என் குரலைக் கேட்டால் பிடித்துவிடுவீர்கள் என்று பயந்துதான் எடுக்கவில்லை. பைபிளில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். இன்றைக்கு அதை முறிக்கிறேன், கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

முகாமில் காலைப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எலும்பில் புற்றுநோய். செப்டெம்பரில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அப்போதே நான் உங்களுக்கு எடுக்கப் போனேன். கையிலிருந்து தொலைபேசியைப் பறித்தாள்.

"மாமி, நான் விடேல்லை. என்ரை காலைத்தான் எடுத்தவை. நான் விட்டிட்டன் எண்டு நினைச்சு அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவா. அதுக்கு நான் இடம் குடுக்க மாட்டன்."

அவளுடைய பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒருநாள் ஊசி போட்ட மயக்கத்தில் வேறு மாதிரிச் சொன்னாள். "தன்ரை நேர்த்தியாலைதான் எனக்கு இப்பிடி வந்தது எண்டு அம்மா சாகுமட்டும் நினைப்பா, மாமி. நான் விளையாடிக்கொண்டிருக்கிறன் எண்டால் திட்டுவா. திட்டட்டும். அது நல்லம்."

இப்போது நெஞ்சுக்குள்ளும் பரவிவிட்டது. டொக்டர்மார் மாதக் கணக்குச் சொல்கிறார்களில்லை, கிழமைக் கணக்குத்தான் சொல்கிறார்கள். ஆட்டங்களைப் பற்றி எழுதின கடிதங்கள் எல்லாம் கட்டிலில் கிடந்து எழுதியவை. வாருங்கள் மச்சாள்.

றெபேக்கா

&nbsp;

கொவென்றி
16 பெப்ரவரி 2025

என் அம்மா,

நாலு சொல்லுக்கு மேல் கதைத்தால் மூச்சு வாங்குகிறது, அதனால் எழுதுகிறேன். கதைக்க மாட்டேன் என்று இருந்தவ விடாமல் கதைக்கிறா, கதைக்கச் சொல்லிக் கெஞ்சினவளுக்குக் கதைக்க ஏலாது. விசா கிடைத்துவிட்டது, நீங்கள் புறப்படுவதற்குள் இது அங்கே வந்து சேராது என்று மாமி சொல்கிறா. சேராவிட்டாலும் பரவாயில்லை, திரும்பிப் போனபிறகு வாசியுங்கள். நான் எழுதிய கடிதங்களுக்குள் உண்மையான ஒன்றும் கடைசியாக இருக்க வேண்டும்.

அன்றைக்கு நீங்கள் எடுத்து "ஜென்சி" என்றபோது நான் முதலில் பயந்துவிட்டேன். நான் விட்டுவிட்டதாக நினைத்து எடுக்கிறீர்கள் என்று. அதுதான் சுகமா என்றுகூடக் கேட்காமல், "நான் விடேல்லை அம்மா, தெரியுமோ?" என்று கேட்டேன்.

நீங்கள் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். "தெரியும் பிள்ளை. நீ விடேல்லை. நான் நேர்த்தியை முறிச்சுப்போட்டுத்தான் எடுக்கிறன்."

பிறகு மாமா முழுக்கதையையும் சொன்னார். நீங்கள் கோவிலுக்குப் போய் மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் நின்று, "நான் ஒரு சொல்லும் முறிக்கேல்லையே, பிறகேன் என்ரை பிள்ளையிலை கை வைச்சனீ?" என்று சத்தம் போட்டீர்களாம். செபம் சொல்லிக்கொண்டிருந்த சனம் எழும்பிப் போய்விட்டதாம். எனக்குச் சிரித்துச் சிரித்து ஒட்சிசன் குழாய் கழன்றுவிட்டது. அம்மா, இது உங்கள் நேர்த்தியால் வரவில்லை. உங்கள் நேர்த்திக்கு அவ்வளவு பலம் இருந்தால் நான் எப்போதோ றக்பியை விட்டிருப்பேனே.

அந்த மூன்று ஆட்டங்களும் பொய். மன்னியுங்கள். ஆனால் சும்மா இருந்து எழுதவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தள்ளாகத் தள்ளிப் பார்த்துத்தான் எழுதினேன். எழுதி முடித்த இரவுகளில் தோள் உண்மையாகவே நொந்தது.

மார்ச் எட்டில் இங்கே ஆட்டம் இருக்கிறது. சட்டையைப் போட்டுக்கொண்டு சக்கர நாற்காலியில் போகப்போகிறேன். தள்ளுவதற்கு ஆள் நீங்கள்தான். அழுதுகொண்டு வராதீர்கள்.

ஜென்சி

&nbsp;

கார்ட்டியர்வில்
1 மார்ச் 2026

அன்பான றெபேக்கா மச்சாளுக்கு,

நான் இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், வருகிறேன். பஸ்ஸில் அந்த அரை மணித்தியாலம்தான் போகுதில்லை. உங்களுடைய சலரோகம் எப்படி, மருந்தை நிற்பாட்டாமல் போடுங்கள். ஜென்சியின் கடிதம் நான் உங்கள் வீட்டில் நின்றபோதே இங்கே வந்து காத்திருந்தது, உங்களுக்குத் தெரியும். அதை இன்றைக்கும் ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு நீங்கள் அடிக்கப்போகிற நினைவு அட்டையின் மாதிரி கிடைத்தது. உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் மச்சாள், இது எந்தப் பிள்ளையைப் பற்றி? "பணிவும் அடக்கமும் நிறைந்தவள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஜென்சியா? "பாடற்குழுவில் சேவையாற்றியவர்" என்று இருக்கிறது. அவள் பாடினால் சுவாமி பூசையைச் சுருக்கிவிடுவார். "இறைவனின் திருவுளப்படி" என்று இருக்கிறது. அதை வெட்டுங்கள். நான் இன்னும் மாதாவோடு சமாதானமாகவில்லை. பூசைக்குப் போகிறேன், அவவுடைய முகத்தைப் பார்ப்பதில்லை. எப்போதாவது பார்ப்பேன், அது எனக்கும் அவவுக்கும் உள்ள விசயம்.

சேலை கட்டின படமும் வேண்டாம். மார்ச் எட்டில் மைதானத்தில் எடுத்ததைப் போடுங்கள். அன்றைக்கு அந்தப் பெட்டைகள் எல்லோரும் வந்து அவளுடைய தோளைத் தொட்டுவிட்டுக் குனிந்தார்கள். அவள் மூச்சுக்கு இழுத்துக்கொண்டே, "முதுகை நேரா வையுங்கோடி" என்று தமிழில் பேசினாள். அந்தப் படம். அதன்பிறகு பதினேழு நாள்தானே இருந்தாள்.

என்ன எழுத வேண்டும் என்று இங்கே தருகிறேன். ஒரு எழுத்தும் மாற்றாமல் அடிப்பியுங்கள்.

"செபமாலை ஜென்சி. பிறந்தது இங்கிலாந்து, கொவென்றி. றக்பி வீராங்கனை. முன்வரிசை, ஒன்றாம் இலக்கம். இங்கிலாந்துப் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்டவர். இருபத்து நான்கு வயது. விளையாடிய ஆட்டங்கள் நாற்பத்து நான்கு. கடைசிவரை விடவில்லை."

நாற்பத்தொன்று என்று கிளப் தந்த கடிதத்தில் இருப்பது எனக்குத் தெரியும். நீங்கள் அதைப் பார்த்துவிட்டுத் திருத்தக் கூடாது. முதல் நாற்பத்தொன்றையும் அவள் இரண்டு காலோடும், கூடத் தள்ள ஏழு பேரோடும் விளையாடினாள். மிச்சம் மூன்றையும் கட்டிலில் கிடந்து, ஒரு காலோடு, தனியாக விளையாடினாள். எனக்காக விளையாடினாள். நான் அந்த மூன்றையும் பார்த்தேன், எழுத்திலே பார்த்தேன். மற்ற நாற்பத்தொன்றில் ஒன்றையாவது நான் போய்ப் பார்த்தேனா? எதைக் கணக்கில் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று இனி ஒருவரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

நாற்பத்து நான்கு. பிழை என்று கிளப்பிலிருந்தோ கோவிலிலிருந்தோ ஆராவது சொன்னால், நீங்கள் மல்லுக்கட்ட வேண்டாம். என்னுடைய நம்பரைக் கொடுங்கள். நான் கதைக்கிறேன்.

ஜென்சியின் தாய்,
அல்போன்சம்மா